காசு கட்டியவருக்கும் வேலை உண்டு: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே லார்ப் எனப்படும் நேரடி வேடமேற்பு விளையாட்டைப் பற்றியவை. அதில் எழுதிவைத்த வசனம் கிடையாது, பார்த்திருக்கச் சபையும் கிடையாது. ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, சில மணிநேரம் அந்த ஆளாகவே நடந்து, கதைத்து, முடிவெடுப்பார்கள்.

24 பேர் ஒரு மண்டபத்தில் நாலு மணிநேரம் விளையாடப் போகிறோம். ஒழுங்கு செய்பவர்கள் மூன்று பேர். வருபவர்களோ, “தலைக்கு 2,500 ரூபா கட்டியாச்சு, மிச்சமெல்லாம் உங்கள் பாடு” என்கிறார்கள். இது சரியா?
– வாசகர், பம்பலப்பிட்டி

சரியில்லை. அந்தக் காசுக்கு மண்டபமும் மத்தியானச் சாப்பாடும் கிடைக்கும். விளையாட்டை அந்த 24 பேரும்தான் அங்கே நின்று உண்டாக்க வேண்டும். கூத்திலே அதைப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் கொடுத்து (அவரவர் பாட்டைப் பிரித்துக் கொடுத்து), சதங்கை கட்டி, அடுக்குப் பார்த்து (ஒத்திகை பார்த்து), அரங்கேற்றத்தன்றும் மத்தளத்தோடு கூடவே நிற்பார். லார்ப்பில் ஆட்டம் தொடங்கிவிட்டால் பத்து மூலையில் பத்துக் கதை ஓடும். மூன்று பேருக்கு அத்தனையும் காதில் விழவே விழாது.

அதற்காக “எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்” என்று விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டால் தண்ணீர்ப் போத்தலை ஒருவரும் கொண்டுவர மாட்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் நேரே ஒரு பெயரை எழுதுங்கள். உங்கள் மூவரில் ஒருவர் கதையையும் பாத்திரங்களையும் பார்க்கட்டும். இன்னொருவர் மண்டபம், நேரம், சாப்பாடு, காசுக் கணக்கு. மூன்றாமவருக்கு ஆட்களைக் கவனிப்பது மட்டுந்தான் வேலை: களைத்தவர், அழுகிறவர், சுகமில்லாதவர் தேடிப்போக ஒருவர் வேண்டும். அவருக்குப் பாத்திரம் கொடுக்கவே வேண்டாம். பாத்திரமாக நின்று சண்டை பிடிப்பவரிடம் போய் “எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது” என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

விளையாட வருபவர்கள் பக்கம்: உடுப்பு அவரவர் பொறுப்பு. பாத்திரத்தாளை வாசித்துவிட்டு வருவதும் அப்படித்தான். நீங்களும் அதை இரண்டு பக்கத்துக்குள் எழுதிக் கொடுங்கள், கூடினால் வாசிக்க மாட்டார்கள். ஆஸ்துமா, வலிப்பு, கடலை ஒவ்வாமை போன்றவற்றை ஒரு வாரத்துக்கு முன்னரே எழுத்தில் தரவேண்டும். ஒழுங்கு செய்பவருக்குத் தெரியாத வருத்தத்துக்கு அவர் ஆயத்தம் செய்ய முடியாது. இவற்றோடு எல்லாரும் மறந்துபோகிற ஒரு வேலையும் உண்டு. சுவரோரம் தனியே நிற்கும் ஆளைத் தன் கதைக்குள் இழுத்துவிடும் வேலை அது. ஒழுங்கு செய்பவர் எவ்வளவு ஓடினாலும் அதைச் செய்ய முடியாது. பக்கத்தில் நிற்கும் இன்னொரு பாத்திரத்தால்தான் முடியும்.

கடைசி நேரத்தில் விலகுபவர்களால்தான் கூடிய சேதம். நாலு பேர் வராவிட்டால் 10,000 ரூபா குறையும், மண்டப வாடகை குறையாது. ஆட்டத்துக்கு முந்திய இரண்டு வாரத்துக்குள் விலகினால் காசு திரும்பாது, தன் இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். கதையிலும் ஓட்டை விழும். அண்ணனாக வரவேண்டியவர் வராவிட்டால் தங்கைக்குச் செய்ய ஒன்றுமிராது. ஆகவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வெவ்வேறு ஆட்களோடு குறைந்தது மூன்று தொடர்புகள் வையுங்கள்.

ஆட்டத்தின் நடுவே ஒருவர் அளவுக்கு மீறிக் கத்தினால் எப்படி நிறுத்துவது? “நிறுத்து” என்றால் அதையும் நடிப்பென்று நினைக்கிறார்கள்.
– வாசகி, கொட்டாஞ்சேனை

நினைக்கத்தான் செய்வார்கள், பாத்திரங்களும் அந்தச் சொல்லைச் சொல்லும். கதைக்குள் வரவே வராத சொல் வேண்டும். நோர்வே, சுவீடன் பக்கத்து ஆட்டங்களில் “கட்”, “பிரேக்” என்ற பொருளில் இரண்டு சொற்கள் வைத்திருக்கிறார்கள். தமிழரும் சிங்களவரும் கலந்து விளையாடும் கொழும்பில் இந்த இரண்டையுமே அப்படியே எடுத்துக்கொள்ளலாம், விளங்காதவர் இல்லை. “கட்” என்றால் அந்தக் கணமே எல்லாரும் நிற்பது. “பிரேக்” என்றால், வண்டிக்குப் போடும் பிரேக் போல, ஆட்டம் ஓடட்டும், எனக்கு முன்னால் கொஞ்சம் தணியுங்கள் என்பது. ஒருவர் நெற்றியில் கைவைத்துக் கண்ணை மறைத்தபடி நடந்தால் அவர் வெளியே போகிறார். ஏன் என்று கேட்கக் கூடாது. எதிரே நிற்பவர் உண்மையாகவே அழுகிறாரா என்று ஐயம் வந்தால் சத்தமின்றிப் பெருவிரலை உயர்த்திக் காட்டுங்கள். அவரும் உயர்த்தினால் தொடரலாம். கிடையாகவோ கீழ்நோக்கியோ காட்டினால் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். பதிலே வராவிட்டாலும் அப்படியே செய்யுங்கள்.

சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. தொடங்க முன் ஒரு மணிநேரம் பயிற்சிக்கு ஒதுக்கி, எல்லாரும் மூன்று தடவையாவது உரத்து “கட்” சொல்லி நின்று பழகவேண்டும். ஒருநாளும் வாயால் சொல்லிப் பார்க்காத சொல் தேவைப்படும் நேரத்தில் தொண்டையை விட்டு வராது. நிறுத்தியவரிடம் விளக்கம் கேட்பதும் கூடாது. கேட்டால் அடுத்தவர் நிறுத்தவே மாட்டார்.

விகாரமகாதேவி பூங்காவில் வாள்சண்டையோடு செய்யலாமா? வாளை எப்படிச் செய்வது?
– வாசகர், வெள்ளவத்தை

பூங்கா கொழும்பு மாநகர சபையின் கையில் இருக்கிறது. எழுத்தில் அனுமதி எடுங்கள், அந்தக் கடிதத்தின் பிரதி அன்றைக்கு ஒருவரின் கையில் இருக்கட்டும். படையினரின் உருமறைப்பு உடுப்பும் துவக்கு போலத் தெரியும் எதுவும் வேண்டவே வேண்டாம். இதிலே நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். நடிப்பென்பது தூரத்தில் நிற்கும் காவலருக்குத் தெரியாது.

வாளுக்கு அரை அங்குலப் பிவிசி பைப் 80 சென்ரிமீற்றர். ஏசிக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரைக்குழாயைப் பிடியைத் தவிர்த்து அதன்மேல் இறுக்கமாக ஏற்றுங்கள். தளர்ந்தால் பைப் உள்ளே வழுக்கி முனையைக் குத்தித் துளைக்கும். இதைத் தடுக்கப் பைப்பின் வாயை மூடியால் அடைத்து, நுரை அதற்கு அப்பால் 5 சென்ரிமீற்றர் நீண்டிருக்க விடுங்கள். அப்போதும் குத்துவது தடை, வீச்சு மட்டுமே. தலையும் கழுத்தும் விலக்கு. வாளைச் செய்தவர் சோதித்தால் போதாது. எதிரே நிற்கப்போகிறவர் தன் தொடையில் அடித்துப் பார்த்துச் சரி சொல்லவேண்டும். நுரை கிழிந்த வாள் அன்றைக்கு ஆட்டத்திலில்லை.

வெயிலில் மணிக்கு ஆளுக்கு அரை லீற்றர் தண்ணீர் என்று கணக்கிடுங்கள். 24 பேருக்கு நாலு மணிநேரத்துக்கு 48 லீற்றர், அதாவது 19 லீற்றர்ப் போத்தல் மூன்று. ஜீவனிப் பைக்கற்றும் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) சில வைத்திருங்கள். யாராவது மயங்கினால் “கட்” சொல்லி, நிழலுக்குக் கொண்டுபோய், 1990க்கு எடுங்கள்; அந்த அம்புலன்ஸ் இலவசம். பூங்காவின் எந்த வாசல் என்று சொல்லப் போகிறவர் யார் என்பதையும் முன்னரே குறித்து வையுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் போய்விடுகிறார்கள். கூட்டிக் கழுவ நாங்கள் இரண்டு பேர்தான்.
– வாசகி, தெஹிவளை

முடியும் நேரத்தை அழைப்பிதழில் ஒரு மணிநேரம் தள்ளிப் போடுங்கள். முதல் 15 நிமிடம் உடுப்பு மாற்ற. அடுத்து ஐந்தாறு பேராக வட்டமாக இருந்து, ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பாத்திரத்தில் பாரமாக இருந்ததைச் சொல்லட்டும். துரோகியாக நடித்தவரைச் சொந்தப் பெயரால் கூப்பிட்டுக் கதைப்பது முக்கியம், இல்லாவிட்டால் ஆட்டத்துக் கோபம் பஸ் வரைக்கும் போகும். மிச்ச நேரம் எல்லார் கையிலும் தும்புத்தடி. மூன்று நாள் கழித்து, ஆட்களைக் கவனித்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை தொலைபேசி எடுக்கட்டும். அவருக்கும் ஒருவர் எடுக்கவேண்டும். அது விளையாடியவர்களின் வேலை.