லைனில் கத்தியபின் யாரும் வாய் திறப்பதில்லை: பதில்

துணி கம்பெனியில் ஒரு தையல் லைனைப் பார்த்துக்கொள்ளும் நீங்கள், கத்தியபின் யாரும் வாய் திறப்பதில்லை, தைத்த பீஸ்களைச் சரிபார்க்கும் செக்கிங்கில் டேமேஜும் கூடிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லார் முன்னாலும் திட்டிவிட்டு, அந்த ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கும் மிஷின்) அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு ‘ஸாரி’ சொன்னேன் என்கிறீர்கள். அது போதாது. நாளைக் காலை மிஷின் போடுமுன், அதே லைன் முன்னால் சொல்லுங்கள்: “அன்னைக்கு நான் கத்துனது தப்பு.” ஷிப்மென்ட் அவசரம் என்றெல்லாம் சேர்க்காதீர்கள், சேர்த்தால் மன்னிப்பு சாக்காகிவிடும்.

செக்கிங்கில் டேமேஜ் திடீரென்று கூடியதற்குப் பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். தையல் விட்ட பீஸை முன்பு தூக்கிக் காட்டியவர்கள் இப்போது பண்டலுக்குள் செருகிவிடுகிறார்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக வழிநடத்தப்பட்ட குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே பயப்படாமல் சொன்னார்கள்.

ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்: லைனில் அவர்களாகவே காட்டிய பழுது எத்தனை, செக்கிங்கில் பிடிபட்டது எத்தனை? முதல் எண் ஏறினால் பதறாதீர்கள், அது நல்ல அறிகுறி. முதல் பீஸை ஒருவர் நீட்டும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்று மொத்த லைனும் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஊசியும் நூல் டென்ஷனும் சரியா என்று மெக்கானிக்கை விட்டுப் பார்த்துவிடுங்கள். கோளாறு அங்கே இருந்தால் மன்னிப்பால் டேமேஜ் குறையாது. அதற்காக மன்னிப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.