ரஸ்ட் தந்த சரத்தை சி விடுவித்தால்

லினக்ஸில் இத்தனை நாள் ஒழுங்காக ஓடிய உங்கள் புரோகிராம், ரஸ்ட் மொழிப் பக்கம் ஜெமாலாக் என்ற அலோகேட்டருக்கு (மெமரி ஒதுக்கித் தரும் பகுதி) மாறியதும், சி மொழிக் கோடில் மெமரியை விடுவிக்கும் ஃப்ரீ வரியில் விழுந்து நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஜெமாலாக் மீது தப்பில்லை. ரஸ்டின் சிஸ்ட்ரிங்கை (பூஜ்ய பைட்டில் முடியும், சி-க்கு ஏற்ற எழுத்துச் சரம்) இன்டூ_ரா வழியாக வெறும் பாயின்டராக (மெமரி முகவரியாக) சி-யிடம் கொடுத்துவிட்டு, அதை சி-யின் ஃப்ரீயால் விடுவிப்பது முதலிலிருந்தே பிழைதான். லினக்ஸில் ரஸ்டும் இயல்பாக சி-யின் மாலாக் அலோகேட்டரையே பயன்படுத்துவதால் அது இதுவரை வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரத்தை விடுவிக்க ரஸ்டிலேயே ஒரு எக்ஸ்டர்ன் சி ஃபங்ஷன் (சி-யிலிருந்து அழைக்கக்கூடியது) எழுதுங்கள். அதில் பாயின்டர் நல் (வெற்று முகவரி) இல்லையென்றால், ஃப்ரம்_ரா-விடம் கொடுத்து மீண்டும் சிஸ்ட்ரிங்காக்கி டிராப் ஆக (ரஸ்டே விடுவிக்க) விடுங்கள், போதும். சி-யில் ஃப்ரீக்குப் பதில் இதை அழையுங்கள்.

அப்புறம் ஒன்று: சி பக்கம் அந்தச் சரத்தின் நடுவே பூஜ்ய பைட் எழுதிவிடாதீர்கள். ஃப்ரம்_ரா நீளத்தை முதல் பூஜ்யம் வரை எண்ணித்தான் கண்டுபிடிக்கிறது. நீளம் மாறினால் தவறான அளவில் மெமரி விடுவிக்கப்படும். சரத்தை வெட்ட ஸ்ட்ர்டோக் (வெட்டும் இடத்தில் பூஜ்யம் எழுதும் சி ஃபங்ஷன்) எங்காவது இருக்கிறதா, பாருங்கள்.