ஹிஸ்டாரிக்கா ஹிஸ்டாரிக்கலா? போர்டுல எது போடறது?

அண்ணா, புதுச்சேரி ஒயிட் டவுன்ல உங்க ஹோம்ஸ்டே போர்டுக்கு 'ஹிஸ்டாரிக் ஹவுஸ்'னு போடறதா 'ஹிஸ்டாரிக்கல் ஹவுஸ்'னு போடறதான்னு கேட்டிருந்தீங்க, பெயிண்டர் வேற ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட்டாராம். ஒண்ணு இல்லண்ணா. நாம தமிழ்ல ரெண்டுக்குமே 'வரலாற்று'ன்னு ஒரே வார்த்தைய வெச்சு ஓட்டிடறோம், அதான் குழப்பமே.

ஹிஸ்டாரிக்கல்னா பழைய காலத்த பத்தினது, அவ்ளோதான், அதுல பெருசா ஏதாவது நடந்திருக்கணும்னு இல்ல. ஹிஸ்டாரிக்னா வரலாற்றுல நிக்கிற அளவுக்கு முக்கியமானது. உங்க புதுச்சேரி பக்கத்துல இருக்கற கீழூரையே எடுத்துக்கங்க, 1954 அக்டோபர் 18 அன்னிக்கு 178 மக்கள் பிரதிநிதிங்க ஓட்டு போட்டு அதுல 170 பேர் பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த புதுச்சேரி இந்தியாவோட சேரணும்னு சொன்னாங்கல்ல, அது ஹிஸ்டாரிக் ஓட்டு. அதே நாள் அங்க ஒரு டீக்கடைக்காரர் எழுதின கடன் நோட்டு இப்ப பரண்ல கெடச்சுதுன்னு வைங்க, யார் எத்தன டீ பாக்கின்னு இருக்கும், அது ஹிஸ்டாரிக்கல் டாக்குமெண்ட். ஹிஸ்டாரிக்னு சொன்னா சிரிப்பாங்க. நான் கடலூர்க்காரன், எங்க தேவனாம்பட்டினத்துல 1690ல இங்கிலீஷ்காரன் வாங்கின செயின்ட் டேவிட் கோட்டை இருந்த எடம் ஹிஸ்டாரிக், ஆனா அத வெச்சு யாராவது கத எழுதினா அது ஹிஸ்டாரிக்கல் நாவல்தான், நாவலுக்கு எப்பவும் அப்படித்தான்.

வீடு, தெரு, கட்டடத்துக்கெல்லாம் இங்கிலீஷ்ல ஹிஸ்டாரிக்தான் வழக்கம். அதையே போடுங்க. பெயிண்டர் எழுத்து கணக்குல காசு வாங்கறவர்னா ரெண்டு எழுத்து காசும் மிச்சம்.