வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், குழந்தையை யார் பார்ப்பது?

கேள்வி: நாங்கள் சென்னையில் இருக்கிறோம். மகனுக்கு நாலரை வயது. மகளுக்கு ஒன்பது மாதம். தவழ்கிறாள், பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில் இருக்கும் என் மாமியார் வீட்டில் பத்து நாள் இருப்போம். போன வருஷம் மகனுக்குச் சளி பிடித்து வீசிங் வந்து, பண்டிகை அன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இந்த வருஷம் கைக்குழந்தையும் இருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் தூக்கி முத்தம் கொடுப்பார்கள், கேக்கைப் பிட்டு வாயில் வைப்பார்கள். ஏதாவது சொன்னால், "நாங்களும் நாலு பிள்ளை வளர்த்தவங்கதான்" என்கிறார் அத்தை. கோயிலில் பிள்ளைகள் போடும் நாடகத்தில் மகளை இயேசு பாலனாகப் படுக்கவைக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். போகாமலே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?

– வாசகி, சென்னை

பதில்: போய்விட்டு வாருங்கள் அம்மா. தாத்தா, ஆச்சியோடு பத்து நாள் இருப்பது இரண்டு பிள்ளைகளுக்கும் நல்லது. அதைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிருமியை நினைத்து நீங்கள் பயப்படுவது நியாயம்தான், அதற்கும் வருகிறேன். ஆனால் பண்டிகை வாரத்தில் என்னை அதிகம் பயமுறுத்துவது வேறொன்று. வீட்டில் நாலு பேர் இருந்தால், குழந்தை எங்கே என்று யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். இருபது பேர் கூடிவிட்டால், அவள் பெரியம்மாவிடம் இருப்பாள் என்று நீங்கள் நினைப்பீர்கள், உங்களிடம் இருப்பாள் என்று பெரியம்மா நினைப்பார். அந்த ஐந்து நிமிஷம் அவள் தனியாகத் தரையில் இருப்பாள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு டிசம்பர் கடைசியில் ஒன்றேகால் வயதுப் பையன் ஒருவனை நான் டாக்டராக இருக்கும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது, கஞ்சி கொடுத்தால் தலையைத் திருப்பிக்கொண்டான். சளி என்று இரண்டு நாளாக வீட்டிலேயே கைவைத்தியம் பார்த்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் உணவுக்குழாய் இருக்கும் இடத்தில் வட்டமாக ஒன்று தெரிந்தது. காசை விழுங்கிவிட்டான் போல என்று அப்பா சொன்னார். உற்றுப் பார்த்தால், வட்டத்தின் விளிம்புக்கு உள்ளே இன்னொரு வட்டம். காசு அப்படித் தெரியாது, பட்டன் பேட்டரிதான் தெரியும். திறந்தால் பாடும் வாழ்த்து அட்டையை யாரோ அவனிடம் விளையாடக் கொடுத்திருக்கிறார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் உணவுக்குழாய் புண்ணாகிச் சுருங்கிப்போனதால், அதை விரிப்பதற்காக மாதக்கணக்கில் மருத்துவமனைக்கு அலைந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவன் அதை வாயில் போட்டதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

பட்டன் பேட்டரி தொண்டைக்குக் கீழே சிக்கிவிட்டால், ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து அந்த இடத்தில் காஸ்டிக் சோடா போன்ற கடுமையான காரம் உண்டாகும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிக்கத் தொடங்கிவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். பாடும் சாண்டா பொம்மை, மினுக்கும் மெழுகுவத்தி, குடிலுக்குள் வைக்கும் குட்டி விளக்கு, ரிமோட் என்று கிறிஸ்துமஸ் வீட்டில் இது இல்லாத மூலை குறைவு. பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத பொம்மைகளை வாங்கவே வேண்டாம். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்கக் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள். பேட்டரியை வெளியே எடுக்க, வாய் வழியாகக் குழாய் விடும் எண்டோஸ்கோபி வேண்டும், அதனால் நேரே திருநெல்வேலி அல்லது தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது. விழுங்கியது மகன் என்றால், போகும் வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். அது அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். ஒரு வயது நிறையாத மகளுக்கு இதற்காகக்கூடத் தேன் கூடாது. தேனைத் தேடுகிறேன் என்று கிளம்புவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

ஊருக்குப் போன அன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். மகள் தூங்கும் நேரத்தில் நீங்கள் தரையில் உட்கார்ந்து, அவள் தவழ்கிற மாதிரியே கூடத்தைச் சுற்றி வாருங்கள். நிற்கும்போது கண்ணில் படாத பலதும் அப்போது தெரியும். குடிலில் ஆட்டுக்குட்டி உங்கள் கட்டைவிரல் அளவுதான் இருக்கும், நேரே வாய்க்குப் போகிற அளவு. சீரியல் லைட் வயர் சுவரோரமாகத் தொங்கும், அதன் ஜாயின்ட்டில் சுற்றிய டேப் உரிந்திருக்கும். வெடித்த பலூனின் ரப்பர்த் துண்டு பாய்க்கு அடியில் கிடக்கும். அது தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கஷ்டம். குடிலை மேசைமேல் வைத்துவிடுங்கள். சீரியல் லைட்டை மகளுக்கு எட்டாத உயரத்தில் கட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது பலகாரம் சுடும் நாள். பின்கட்டில் விறகடுப்பு மூட்டி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் போடுகிற அந்தச் சாயங்காலம் எனக்கும் பிடித்தமானதுதான். ஆனால் எண்ணெய்ச் சட்டி குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. அந்த இரண்டு மூன்று மணி நேரமும் பிள்ளைகள் முன்வாசலில்தான் இருக்க வேண்டும். சுட்டுவிட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பிடிப்பவருக்கு அது மிக நீளமாகத் தோன்றும், கடிகாரத்தைப் பார்த்தே பிடியுங்கள். பேஸ்ட், இங்க், தோசை மாவு எதுவும் தடவாதீர்கள். பிறகு சுத்தமான துணியால் மூடி மருத்துவரிடம் காட்டுங்கள். சாண்டா உடுப்பு பெரும்பாலும் பாலியஸ்டர். அதைப் போட்டுக்கொண்டு மத்தாப்புப் பிடிக்க மகனை விடாதீர்கள்.

அப்படியென்றால் யார் பார்ப்பது? முறை வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருவர். பார்க்கிறவர் கையில் கரண்டியும் செல்போனும் இருக்கக் கூடாது. மாறும்போது "இப்ப பாப்பா உங்க பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கும் இதில் சம பங்கு உண்டு, அவருடைய அம்மா வீடு என்பதால் கொஞ்சம் கூடவே உண்டு.

அத்தையிடம் நேரடியாக வாதாட வேண்டாம். நாலு பிள்ளை வளர்த்தவர் என்பது உண்மை, அந்த அனுபவத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். "அத்தை, பாப்பாவை யார் தூக்கணும், யார் தூக்கக் கூடாதுன்னு நீங்களே பார்த்துக்கோங்க. இருமுறவங்க கிட்ட மட்டும் கொடுக்க வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று சொல்லுங்கள். பழியை என்மேல் போட்டுவிடுங்கள். மருமகள் சொன்னால் வருத்தப்படுகிற உறவினர்கள், ஆச்சி சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். கைகழுவித் தூக்கலாம், காலைத் தொட்டுக் கொஞ்சலாம், முகத்தில் முத்தம் மட்டும் வேண்டாம். ஆர்.எஸ்.வி. என்றொரு வைரஸ் இருக்கிறது. பெரியவர்களுக்கு அது வெறும் மூக்கொழுகல், கைக்குழந்தைக்கு நுரையீரலின் சிறுகுழாய்களை அடைத்து மூச்சுத் திணற வைக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று தேன். உங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்குச் சேனை என்று தேனை நாக்கில் தொட்டு வைக்கும் பழக்கம் இருப்பதால், தேனில் என்ன இருக்கிறது என்பார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, கைகாலையும் மூச்சையும் தளரவைக்கும். இன்னொன்று முழு முந்திரி, நிலக்கடலை, முழுத் திராட்சை. மகளுக்கு அறவே வேண்டாம், மகனுக்கும் ஐந்து வயது வரை பருப்பைப் பொடித்தும் திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும்தான். முந்திரி போட்ட பிளம் கேக்கும் இதில் சேர்ந்ததுதான். தூத்துக்குடி மக்ரூன் வாயில் வைத்ததும் கரைந்துவிடும் என்பதால் கைக்குழந்தைக்கு ஊட்டுகிறார்கள். அது முட்டையின் வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும் சேர்ந்தது. முட்டையும் முந்திரியும் அவளுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று, வீட்டில் ஒரு பகல் நேரத்தில், தனித்தனியாக, துளியளவு கொடுத்துப் பார்க்காமல் அதைக் கொடுக்கக் கூடாது. இரண்டு வயது வரை சர்க்கரையே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. இட்லி, பருப்புச் சாதம், மசித்த வாழைப்பழம், தாய்ப்பால் போதும்.

அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அழவும் இருமவும் முடிந்தால் இரும விடுங்கள். சத்தமே வராவிட்டால், மகளைத் தலை தாழ்ந்திருக்கும்படி உங்கள் முன்கையில் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. பிறகு மல்லாத்தி, நெஞ்சின் நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்தம். வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

மருந்துப் பையை இங்கிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். மகள் எட்டுக் கிலோ என்றால் 120 மில்லிகிராம். சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருந்தால் அது 1.2 மில்லி, 5 மில்லியில் 120 இருக்கும் சிரப் என்றால் 5 மில்லி, 5 மில்லியில் 250 இருக்கும் சிரப் என்றால் 2.4 மில்லிதான். போன தடவை கொடுத்த அதே அளவு என்று பாட்டிலைப் பார்க்காமல் ஊற்றுவது எவ்வளவு ஆபத்து என்று இதிலேயே தெரியும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம். யார் எப்போது கொடுத்தார் என்று காலண்டரில் எழுதிவையுங்கள். நீங்கள் கொடுத்தது தெரியாமல் ஆச்சியும் கொடுத்துவிடுவது கூட்டுக் குடும்பத்தில் சாதாரணமாக நடக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடியும் சமயம், கொசு இருக்கும், டெங்குவும் இருக்கலாம். அதனால் காய்ச்சலுக்கு மெஃபனமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் வேண்டாம். சளி, இருமல் சிரப் இருவருக்குமே வேண்டாம். இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் மறுபடி சொல்லியிருக்கிறது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

மகனுடைய இன்ஹேலரையும் அதில் மாட்டும் ஸ்பேசரையும் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் போட வேண்டாம். எப்போது எத்தனை பஃப் என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டாசு வெடிக்கும் நேரத்தில் அவன் வீட்டுக்குள் இருக்கட்டும். இருவருக்கும் ஃப்ளூ ஊசி போடலாம். பலன் வர இரண்டு வாரம் ஆகும் என்பதால் இப்போதே கேளுங்கள். முதல் தடவை போடுவதென்றால் நாலு வாரம் விட்டு இரண்டாவது டோஸும் உண்டு. மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தால் தட்டம்மை–ரூபெல்லா ஊசியையும் கிளம்புவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

மூச்சை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள். தூங்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். மகளுக்கு 50-ஐத் தொட்டாலோ, மகனுக்கு 40-ஐத் தொட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழந்தை பால் குடிக்க மாட்டாமல் துவண்டாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள், பண்டிகை ராத்திரியானாலும் சரி.

வீடு வீடாகப் பாடிக்கொண்டு கீத பவனி வரும்போது மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளறை ஜன்னலில் நின்று பாருங்கள். ட்ரம்முக்குப் பக்கத்தில் அவள் வேண்டாம். விடியற்காலை நாலு மணி ஆராதனைக்கு மகனைக் கட்டாயம் எழுப்ப வேண்டும் என்றால் முந்தின இரவு எட்டு மணிக்கே படுக்க வையுங்கள். பண்டிகையில் பிள்ளைகள் அடம் பிடிப்பதற்கு இனிப்பைக் குற்றம் சொல்கிறோம், ஆனால் சர்க்கரை சாப்பிட்டதால் பிள்ளைகள் துள்ளுவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. தூக்கம் கெடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

கடைசியாக நாடகம். ஒன்பது மாதப் பிள்ளை புல்லணையில் படுத்திருக்காது அம்மா. திரும்பி, எழுந்து, மாட்டுக் கொட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வைக்கோல் தூசியும் அவளுக்கு நல்லதில்லை, அண்ணனுக்கு வீசிங் இருக்கும் வீட்டில் அதை யோசிக்கத்தான் வேண்டும். புல்லணையில் பொம்மையைப் படுக்கவைக்கச் சொல்லுங்கள், நீங்கள் மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருங்கள். மகனுக்கு ஆசையிருந்தால் மேய்ப்பன் வேஷம் கொடுக்கட்டும். தலையில் கட்டும் துண்டைக் கழுத்தோடு முடிச்சுப் போடாமல் ஹேர் கிளிப்பால் குத்தினால் போதும். கையில் பிடிக்கும் விளக்கு பேட்டரி விளக்கு என்றால், அதன் மூடியின் ஸ்க்ரூவை நீங்களே ஒரு தடவை இறுக்கிவிடுங்கள்.