ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கிறேன், கையில் பணம் குறைவு. கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். கிராபிக்ஸ் கார்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ரைசன் 5 5600ஜி பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. வேலரன்ட், ஜிடிஏ 5 எல்லாம் செட்டிங்ஸைக் குறைத்தால் ஓடும். ஆனால் ரேமை 16 ஜிபி ஒன்றாக வாங்காமல், 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள். அந்த கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு ரேம் இருந்தால் இரண்டு வழியாகத் தரவு போகும். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்புறம் நம்மூர் உப்புக்காற்று. என் பழைய கேபினட்டின் திருகெல்லாம் துருவேறி, ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. ஜன்னலோரம் வைக்காதீர்கள். பின்னாளில் செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு வாங்கினால், போர்டில் செருகும் தங்க நிறப் பற்களில் பச்சை படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.