வளையல் வீட்டுக்கு வந்த ராத்திரி

அன்புள்ள ஐயா,

ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 18,000 ரூபாய். போன மாதம் உயர்த்திக் கேட்டதற்கு, "பணத்துல என்னப்பா இருக்கு, எனக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்ல" என்றார் முதலாளி. ஓர் அளவுக்கு மேல் பணம் சந்தோஷம் தராது என்று அமெரிக்க ஆய்வு ஒன்றும் வாட்ஸப்பில் வந்தது. உண்மையா, எங்களைச் சமாதானப்படுத்தச் சொல்வதா?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

முதலாளியின் தூக்கம் அவர் பாடு. நீங்கள் கேட்பதை நிறுத்தாதீர்கள்.

ஆய்வு உண்மைதான். 2010-இல் உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் வெளியிட்டது. ஆண்டு வருமானம் 75,000 டாலரை எட்டும்வரை அன்றாட மனநிலை மேம்படுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது என்றார்கள். வாட்ஸப் இதோடு முடிந்துவிடும். ஆனால் 2023-இல் கானமனே, வேறு முடிவு கண்டிருந்த ஆய்வாளர் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்துடன் சேர்ந்து கணக்கை மறுபடி பார்த்தார். பெரும்பாலானோருக்கு அந்த எல்லைக்கு மேலும் மகிழ்ச்சி ஏறுகிறது. ஏற்கெனவே வருத்தத்தில் கிடக்கும் சிறு பகுதியினருக்குத்தான் ஒரு கட்டத்தில் நின்றுபோகிறது. உங்கள் முதலாளி அந்தக் கூட்டமாக இருக்கலாம், பாவம். அந்த ஏற்றமும் மடங்குக் கணக்கில்தான். 18,000 இரட்டிப்பதும் 2 லட்சம் இரட்டிப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு மகிழ்ச்சியைத்தான் கூட்டும். ஆக, ஐயாயிரம் ரூபாய் அவருக்குச் சில்லறை, உங்களுக்கு அப்படியில்லை.

இன்னொரு ஆய்வு நம்மூரிலேயே நடந்தது. 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேர். கை வறண்டிருக்கும் அறுவடைக்கு முன் ஒரு தடவை, பணம் வந்தபின் ஒரு தடவை, அதே ஆட்களுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முன்னால் சரியாகச் செய்யவில்லை, பின்னால் நன்றாகச் செய்தார்கள். நடுவில் யாருக்கும் புத்தி வளர்ந்துவிடவில்லை. தலைக்குள் கடன் உட்கார்ந்திருந்த இடம் காலியானது, அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம். அவளுடைய இரண்டு வளையலும் வருஷத்தில் பாதி நாள் அடகுக்கடையில்தான் இருக்கும். அடகுச் சீட்டு, முருகன் படத்துக்குப் பின்னால். வட்டி கட்ட வேண்டிய வாரத்தில் நான் என்ன சொன்னாலும் 'ம்' கொட்டுவாள். அரிசி போட்டோமா என்று உலைமூடியை இரண்டு தடவை திறந்து பார்ப்பாள். பிற்பாடு நான் சம்பாதித்து, புதிதாக ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள், கழற்றி பீரோவில் வைத்தாள். அந்த முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை.

நான் எதிர்பார்த்தது, ஒரு தை மாதம் நெல் விற்ற காசில் பழைய வளையலை மீட்டு வந்த ராத்திரி பார்த்த முகத்தை. அன்று சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவள், "நேத்து ஸ்கூல்ல என்னமோ நடந்துச்சுன்னியே, என்னடா அது?" என்று கேட்டாள்.

நான் அதைச் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது.