பதில்: பள்ளி நாட்களில் மட்டும் வயிற்றுவலி

7 வயது மகளுக்குப் பள்ளி நாட்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி, ஸ்கேனில் ஒன்றுமில்லை, மாமியார் 'நடிக்கிறாள்' என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். பதற்றம் குடலின் அசைவையே மாற்றிவிடும்; தொப்புளைச் சுற்றி நிஜமாகவே வலிக்கும்.

அதற்காக வீட்டில் நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். லீவு போட்டால் அன்றைக்கு நிம்மதி, மறுநாள் பயம் இன்னும் கூடும். "வலிக்குதுன்னு தெரியுது, போயிட்டு வா, சாயங்காலம் பேசலாம்" என்று சொல்லி அனுப்புங்கள். அப்புறம் நிஜமாகவே பேசுங்கள். இரவு விளக்கணைத்த பிறகோ வண்டியில் போகும்போதோ, முகம் பார்க்காத நேரத்தில்தான் பிள்ளைகள் வாய் திறப்பார்கள். "ஏன் பயப்படுறே?" என்றால் பதில் வராது. "சாப்பிடும்போது பக்கத்துல யாரு?", "பாத்ரூம் போகணும்னா மிஸ் விடுவாங்களா?" என்று கேளுங்கள். (கழிப்பறைப் பயத்தை நாம் யோசிப்பதே இல்லை.) வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். யாராவது அடிப்பதாகவோ தப்பாகத் தொடுவதாகவோ தெரிந்தால் கதை வேறு. முதலில் அவள் பாதுகாப்பு, உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

வலி தூக்கத்திலிருந்து எழுப்பினால், எடை குறைந்தால், காய்ச்சல் வந்தால் மறுபடி மருத்துவரைப் பாருங்கள். சில வாரங்களில் குறையவில்லையா? அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். மாமியாரிடம் உங்கள் கணவரே பேசட்டும்.